கடல் கடந்த மைனா

2000ஆம் ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஒரு பட்டியலை வெளியிட்டது. சொந்த நிலத்தை விட்டு வேறு நிலங்களுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே பெருங்கேடு விளைவித்த நூறு உயிரினங்களின் பட்டியல் அது. செடிகள், பூச்சிகள், மீன்கள், எலி, பூனை என நீளும் அந்தப் பட்டியலில் பறவைகள் மூன்றே மூன்று. ஒன்று ஐரோப்பாவின் ஸ்டார்லிங். மற்ற இரண்டும் நம் வீட்டு வாசலில் அன்றாடம் பார்க்கிற பறவைகள்: மைனா, கொண்டைக்குருவி. வயல் வரப்பில் மாட்டின் பின்னே நடந்து புழு பொறுக்கும் மைனா, சிட்னியிலும் தாஹிட்டியிலும் பொறிவைத்துப் பிடித்துக் கொல்லப்படும் பறவையாக இருக்கிறது. ஒரே பறவை ஓரிடத்தில் உழவனின் துணையாகவும் இன்னோரிடத்தில் பீடையாகவும் ஆவதற்குக் காரணம் பறவைக்குள் இல்லை, நிலத்துக்குள் இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

மைனாவைத் தெரியாத தமிழர் அநேகமாக இல்லை. ஆனாலும் அதன் அங்க அடையாளங்களைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிநாடுகளில் அடையாளம் தவறிப்போவதால் வேறு பறவைகளின் உயிருக்கு ஆபத்து நேர்கிறது.

உடல் காப்பிக்கொட்டைப் பழுப்பு. தலை, கழுத்து, மேல்மார்பு ஆகியவை பளபளக்கும் கறுப்பு. அலகும் கால்களும் மஞ்சள். கண்ணைச் சுற்றிப் பின்புறமாக நீளும் இறகில்லாத மஞ்சள் தோல் இதன் முத்திரை. அடிவயிறும் வாலின் அடிப்பகுதியும் வெள்ளை. வாலின் நுனியிலும் வெள்ளை. உட்கார்ந்திருக்கும்போது சிறகில் ஒரு சின்ன வெள்ளைக் கோடுதான் தெரியும். பறக்கத் தொடங்கியதும் இரு சிறகுகளிலும் பெரிய வெள்ளைத் திட்டுகள் விரிந்து, தூரத்திலிருந்தே ‘இது மைனா’ என்று சொல்லிவிடலாம். அலகிலிருந்து வால்வரை 23 முதல் 25 சென்டிமீட்டர். எடை சுமார் 110 கிராம். ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறத்தில் வேறுபாடு இல்லை. இளம்பறவையின் தலை கறுப்பாக இல்லாமல் மங்கிய பழுப்பாக இருக்கும். சில சமயம் தலையில் ஓர் இறகுகூட இல்லாமல், மஞ்சள் தோல் முழுக்கத் தெரிய ஒரு பறவை வந்து நிற்கும். அது வேறு இனம் அல்ல. இறகு உதிர்ந்த அதே மைனாதான். இலங்கையில் வாழும் மைனா தனித் துணையினம். நம்முடையதைவிட உடல் நிறம் அடர்ந்தது. கன்னத்து மஞ்சள் தோலும் சற்றே பெரியது.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலும் தேயிலைத் தோட்டங்களிலும் காணப்படும் காட்டு மைனாவுக்குக் கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் கிடையாது. அலகின் அடியில் சிறு இறகுக் குச்சம் நிமிர்ந்து நிற்கும். தென்னிந்தியக் காட்டு மைனாவின் விழி வெளிர்நீலம். இதைப் புரிந்துகொண்டவர் ஃபிஜித் தீவில் இறங்கினாலும் குழம்ப மாட்டார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கரும்புத் தோட்டங்களுக்காக இந்த இரண்டு மைனாக்களையுமே அங்கே கொண்டுபோய் விட்டார்கள். சிங்கப்பூரில் வசிக்கும் தமிழர்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழேயும் உணவங்காடி மேசைகளின் மேலேயும் பார்ப்பது பெரும்பாலும் நம் ஊர் மைனா இல்லை, ஜாவா மைனா. உடல் கருஞ்சாம்பல், அலகின்மேல் சிறு கொண்டை, கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் இல்லை. கூண்டுப் பறவை வணிகத்தால் 1920களில் அங்கே வந்து பெருகிய இனம் அது. நம் மைனாவோ மலாய்த் தீபகற்பத்தின் வழியே தானாகப் பரவி 1930களில் சிங்கப்பூரை எட்டியது. இன்று ஜாவா மைனாதான் அங்கே எண்ணிக்கையில் மிஞ்சி நிற்கிறது. அதே ஜாவா மைனா, தன் சொந்த மண்ணான ஜாவாவில் கூண்டு வணிகத்துக்காகப் பிடிக்கப்பட்டுப் பிடிக்கப்பட்டு, அழியும் ஆபத்துக்கு உள்ளான இனமாகிவிட்டது. ஒரு பறவையின் இரண்டு கதிகளையும் எழுதியது ஒரே கூண்டுச் சந்தை.

அடையாளப் பிழை மிகுதியாக நேர்வது ஆஸ்திரேலியாவில். அங்கே நாய்ஸி மைனர் என்ற உள்ளூர்ப் பறவை ஒன்று உண்டு. தேன்பருகிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மைனாவுக்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் பெயரின் ஒலி ஒன்றுபோலிருக்கிறது. அதற்கும் அலகும் காலும் மஞ்சள். கண்ணுக்குப் பின்னே மஞ்சள் திட்டும் உண்டு. அதுவும் கூட்டமாகக் கத்துகிறது. வேறுபாடு இதுதான்: மைனர் சாம்பல் நிறம், மைனா பழுப்பு. மைனரின் உச்சந்தலையும் கன்னமும் மட்டும் கறுப்பு. மைனாவுக்குத் தலை முழுவதும் கறுப்பு. பறக்கும்போது மைனரின் சிறகில் அந்தப் பெரிய வெள்ளைத் திட்டு இருக்காது. மைனர் சட்டப் பாதுகாப்புப் பெற்ற பறவை. ஆகவே பொறிவைக்கும் எவரும் முதலில் கற்க வேண்டியது இந்த வேறுபாட்டை. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சிறு பறவைகளைத் தோட்டங்களிலிருந்து விரட்டுவதில் அந்த உள்ளூர் மைனர் மைனாவுக்குச் சற்றும் குறைந்ததல்ல. 2014-ல் ஆஸ்திரேலிய அரசே அதன் ஆக்கிரமிப்பை ஒரு பெரும் அச்சுறுத்தலாகச் சட்டப்படி அறிவித்தது. வந்தேறியை மட்டும் குற்றவாளியாக்கும் எந்தக் கணக்கும் இந்த உண்மைக்கு முன் தடுமாறும்.

மைனாவின் பழக்கவழக்கங்களைப் பார்த்தால், அது ஏன் போன இடமெல்லாம் பிழைத்துக்கொண்டது என்பது விளங்கும். அது பெரும்பாலும் நடக்கிற பறவை. குருவியைப்போல் தத்துவது குறைவு. அவசரம் வந்தால் மட்டுமே துள்ளும். வெட்டவெளித் தரையில், குட்டைப் புல்லில் நடந்து வெட்டுக்கிளி, புழு, வண்டு என்று பொறுக்கும். ஏர் ஓடும்போது புரண்ட மண்ணிலும், மாடு மேயும்போது அதன் கால் கிளப்பிவிடும் பூச்சிகளிலும் அதற்கு விருந்து. ஆல், அரசு, அத்திப் பழங்களை விரும்பும். இலவம், முருக்கு போன்ற மரங்கள் பூக்கும் காலத்தில் தேன் குடிக்கும். சிந்திய சோறு, குப்பைத்தொட்டி மிச்சம், நாய்க்கு வைத்த உணவு, பல்லிக்குஞ்சு, பிற பறவையின் முட்டை, எதையும் ஒதுக்காது. வேட்டைக்கும் உணவுக்கும் புல்வெளி, கூட்டுக்கும் உறக்கத்துக்கும் மரமோ கட்டடமோ. இந்த இரண்டும் அருகருகே இருந்தால் போதும். மனிதன் ஊர் என்று ஒன்றை உண்டாக்கும்போது தன்னை அறியாமல் மைனாவுக்கான நிலத்தையும் உண்டாக்கிவிடுகிறான். அடர்காட்டுக்குள் மைனா இல்லை. காடு வெட்டிச் சாலை போட்டதும் அந்தச் சாலையோரமாக வந்து சேரும்.

இணை சேர்ந்த பறவைகள் ஆண்டுமுழுவதும் பெரும்பாலும் சேர்ந்தே திரியும். ஒன்று தலையை மேலும் கீழும் ஆட்டி, உடல் இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, கீச்சு, கரகரப்பு, சீழ்க்கை, சொடக்கு எல்லாம் கலந்த ஒரு தொடரைப் பாடும். ஆபத்து என்றால் அதே தொண்டை கரடுமுரடாகக் கத்தும். பாம்போ பூனையோ தெரிந்துவிட்டால் அந்தத் தெருவிலுள்ள அத்தனை பறவைகளுக்கும் மைனாதான் முதல் எச்சரிக்கை. மாலையில் ஊர்ப்புறத்து மரங்களில் நூற்றுக்கணக்கில் கூடி அடையும். கிளிகள், காகங்கள், கொக்குகளோடு ஒரே மரத்தைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. இருட்டும் வரையிலும், விடியுமுன்பும் அந்த மரம் முழுக்கக் குரலாக இருக்கும். பேருந்து நிலையத்து அரசமரத்தின் அடியில் நின்றவர்களுக்கு இது தெரியும்.

கூடு பொந்தில். மைனாவுக்கு மரத்தைத் தோண்டும் வலு இல்லை. யாரோ தோண்டியதை, அல்லது தானாக உண்டானதை எடுத்துக்கொள்ளும். மரங்கொத்தியின் பழைய பொந்து, மொட்டைப் பனையின் உச்சி, கிணற்றுச் சுவரின் இடுக்கு, கோபுரத்துப் புழை, ஓட்டுக்கூரையின் சந்து, தெருவிளக்குக் குழாய், பெயர்ப்பலகையின் பின்புறம் எல்லாம் அதற்கு இடம்தான். வைக்கோல், வேர், காகிதம், பிளாஸ்டிக் தாள், பாம்புச் சட்டை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் திணித்து வைக்கும். புள்ளியில்லாத நீலப்பச்சை முட்டைகள் நான்கைந்து. சுமார் 17, 18 நாள் அடைகாத்தபின் குஞ்சு பொரிக்கும்; குஞ்சு கூட்டைவிட்டு வெளியேற மேலும் மூன்று வாரத்துக்கு மேலாகும். நல்ல காலமாக இருந்தால் ஒரே பருவத்தில் இரண்டு, மூன்று ஈடுகள். பொந்தைக் காக்கும்போது இணை இரண்டும் சேர்ந்து மூர்க்கமாகச் சண்டையிடும். காலோடு கால் பின்னித் தரையில் புரளும் மைனாக்களைச் சித்திரை மாதத் தெருக்களில் பார்த்திருப்பீர்கள்.

இந்தப் பொந்து விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, அது கடல் கடந்த கதைக்கு வரலாம்.

மைனா தானாகக் கடல் கடக்கவில்லை. அதைக் கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் சர்க்கரைக்காகக் கொண்டுபோனார்கள். இந்தியப் பெருங்கடலின் பிரெஞ்சுத் தீவுகளில் வெட்டுக்கிளிகள் பயிரை அழித்தபோது, 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தியாவிலிருந்து மைனாக்கள் வரவழைக்கப்பட்டன. 1762-ல் மொரீஷியஸில் நடந்த இறக்குமதியை, ஒரு பூச்சியை அழிக்க ஓர் உயிரை நாடு விட்டு நாடு கொண்டுசென்ற முதல் முயற்சிகளில் ஒன்றாகப் பூச்சியியல் நூல்கள் இன்றும் குறிப்பிடுகின்றன. பக்கத்துத் தீவான ரீயூனியனில் நடந்ததை இயற்கையறிஞர் பூஃபோன் எழுதிவைத்திருக்கிறார். கவர்னர் தெஃபோர்ஜ் பூஷே இந்தியாவிலிருந்து சில இணைகளைத் தருவித்தார். அவை பெருகின. விதைத்த நிலத்தைக் கிளறும் மைனாக்களைக் கண்ட குடியேறிகள், விதையைத் தின்கின்றன என்று எண்ணி அவற்றை அடியோடு அழித்தார்கள். அவை கிளறியது புழுவுக்காக. வெட்டுக்கிளி திரும்பி வந்தது, ஜனங்கள் வருந்தினார்கள், மறுபடி மைனா தருவிக்கப்பட்டது. இம்முறை அதைக் கொல்லக் கூடாது என்று சட்டம் வந்தது. அதன் இறைச்சி உடலுக்கு ஆகாது என்று வைத்தியர்களும் அறிவித்தார்கள். ஒரே தலைமுறைக்குள் வரவேற்பு, அழிப்பு, மறுவரவேற்பு மூன்றும். பின்னால் உலகெங்கும் நடக்கப்போவதன் சுருக்கம் அந்தச் சிறு தீவில் முன்பே நடந்து முடிந்துவிட்டது.

ஆஸ்திரேலியாவில் 1861-ல் விக்டோரியா மாநிலத்தில் ஒரு கழகம் தொடங்கப்பட்டது. உலகின் பயனுள்ள, அழகான உயிர்களையெல்லாம் கொண்டுவந்து அந்த மண்ணில் பழக்கிவிடுவதே அதன் நோக்கம். 1862 முதல் மெல்போர்னில் மைனாக்கள் விடப்பட்டன. காய்கறித் தோட்டத்துப் பூச்சிகளைத் தின்னும் என்று எதிர்பார்ப்பு. அங்கிருந்து 1883-ல் குயின்ஸ்லாந்தின் கரும்புப் பகுதிகளுக்குப் போயின. கரும்பு வண்டு அதனாலும் அடங்கவில்லை. 1935-ல் அதே வண்டுக்காக அதே மாநிலம் பெருந்தேரை ஒன்றை ஹவாயிலிருந்து கொண்டுவந்தது. இன்று அந்தத் தேரை வட ஆஸ்திரேலியா முழுவதும் பரவியிருக்கிறது. ஒரு முயற்சி தோற்றதிலிருந்து பாடம் படிக்காமல் அதைவிடப் பெரிய முயற்சியில் இறங்கிய வரலாறு இது.

ஹவாய்க்கு மைனாவைக் கொண்டுசென்றவர் வில்லியம் ஹில்லபிராண்ட். ஜெர்மானிய மருத்துவர், தாவரவியல் அறிஞர். 1865-ல் ஹவாய் அரசு அவரைக் குடியேற்ற ஆணையராக ஆசியாவுக்கு அனுப்பியது. கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாட்களைத் திரட்டும் பணி. சீனத் தொழிலாளர்களுக்கு ஏற்பாடு செய்த அதே பயணத்தில் செடிகளையும் விலங்குகளையும் சேகரித்தார். படைப்புழுவைத் தின்னும் என்று மைனாவையும் சேர்த்துக்கொண்டார். உழைக்க மனிதன், பூச்சி தின்னப் பறவை. இரண்டும் ஒரே தேவைப்பட்டியலில் இருந்தன. நம் வரலாற்றுக்கு இது அந்நியமான செய்தி அல்ல. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பனுக்கு ‘ட்ரூரோ’ கப்பல் போய்ச் சேர்ந்தது. அதன் பின் நேட்டாலின் கரும்புக்காடுகளில் ஆயிரமாயிரம் தமிழர்கள் வேலை செய்தார்கள். 1902 வாக்கில் அதே டர்பனில் கூண்டிலிருந்து தப்பிய மைனாக்கள் பெருகத் தொடங்கின. மொரீஷியஸ், ரீயூனியன், ஃபிஜி, நேட்டால் என ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் போன ஊர்களின் பெயர்களை அடுக்கினால், மைனா போன ஊர்களின் பட்டியலில் பாதி வந்துவிடும். இரண்டு பயணங்களையும் தீர்மானித்தது உலகச் சர்க்கரைச் சந்தை. பறவையின் பரவலை இயற்கை வரலாறாக மட்டும் எழுதினால் பாதிக் காரணம் விடுபட்டுப்போகும் என்றே நான் கருதுகிறேன்.

இந்தப் பயணங்கள் பறவையின் மரபணுவிலேயே பதிவாகியிருக்கின்றன. 2023-ல் வெளியான ஓர் ஆய்வு இந்தியா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, ஃபிஜி, ஹவாய், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களின் 814 மைனாக்களை ஒப்பிட்டது. மெல்போர்ன் மைனாக்களும் ஃபிஜி மைனாக்களும் மகாராஷ்டிரத்தின் ஒரு பகுதியிலிருந்து போனவை என்பதும், நியூசிலாந்துக்குப் போனவை மெல்போர்னிலிருந்து போனவை என்பதும், ஹவாய்க்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இந்தியாவின் வேறு வேறு இடங்களிலிருந்து தனித்தனியே போயின என்பதும் அதன் முடிவு. சில கூண்டுகளில் அடைத்துக் கொண்டுபோன ஒரு சில பறவைகளின் வழித்தோன்றல்கள்தாம் இன்று தீவுகளையும் நகரங்களையும் நிறைத்திருக்கின்றன.

போன இடத்தில் மைனா என்ன செய்தது? இங்கேதான் பொந்து முக்கியமாகிறது.

நம் ஊரில் பொந்து தோண்டும் பறவைகள் ஏராளம். பொன்முதுகு மரங்கொத்தி, செம்மார்புக் குக்குறுவான், வெண்கன்னக் குக்குறுவான் முதலியவை அலகால் மரத்தைக் குடைந்து புதுப்புதுப் பொந்துகளை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. அவை விட்டுப்போன பொந்தில் கிளி, மைனா, புள்ளி ஆந்தை, பனங்காடை எல்லாம் அமர்கின்றன. சண்டை உண்டு, ஆனால் வரவும் உண்டு. போதாததற்குப் பாம்பும் வல்லூறும் மரநாயும் மைனாவின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கின்றன. குயில்கூட எப்போதாவது அதன் கூட்டில் முட்டையிடும். ஆஸ்திரேலியாவிலோ மரங்கொத்தியே கிடையாது. நியூசிலாந்து, ஹவாய், மொரீஷியஸ், செஷல்ஸ், பசிபிக் தீவுகள் எங்கும் கிடையாது. ஆஸ்திரேலியாவில் யூக்கலிப்டஸ் மரத்தில் பொந்து உண்டாவது கரையானாலும் பூஞ்சையாலும் நெருப்பாலும். கிளை முறிந்து, உள்மரம் உளுத்து, பறவை நுழையும் அளவுக்குப் பொந்தாக மாற ஒரு நூற்றாண்டுக்கு மேலாகும். அந்த முதுமரங்களைத்தான் குடியேறியவர்கள் மேய்ச்சலுக்காகவும் ஊருக்காகவும் வெட்டித் தள்ளினார்கள். எஞ்சிய சில பொந்துகளை நம்பிக் கிளிகளும் கூக்கபரா என்ற உள்ளூர்ப் பறவையும் இருக்கும்போது, ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈடு எடுக்கும் ஒரு மூர்க்கமான பறவை வந்து சேர்ந்தால் விளைவு என்னவாக இருக்கும்?

கான்பெரா நகரம் இதற்கு நல்ல சான்று. 1968-க்கும் 1971-க்கும் இடையில் அங்கே நூற்றுச்சொச்சம் மைனாக்கள் விடப்பட்டன. நகரத்துப் பறவை ஆர்வலர்கள் 1981 முதல் தங்கள் தோட்டங்களுக்கு வரும் பறவைகளை வாரந்தோறும் எண்ணிப் பதிந்துவந்தார்கள். அந்த 29 ஆண்டுப் பதிவுகளை ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் கேட் கிராரோக்கும் அவரது குழுவும் ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். பொந்தில் கூடுகட்டும் மூன்று இனங்களின் நீண்டகால எண்ணிக்கை மைனா வந்தபின் பாதிக்கப்பட்டிருந்தது: செந்நிற ரோசெல்லா கிளி, மஞ்சள்கொண்டைக் கக்காட்டு, கூக்கபரா. சிறு பறவைகள் எட்டு இனங்களிலும் அதே போக்கு தெரிந்தது. சாதாரண மனிதர்கள் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து எழுதிய குறிப்புகள்தாம் இந்த ஆய்வுக்கு அடித்தளம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால் மைனாவின்மீதான குற்றச்சாட்டு வெறும் எரிச்சலாகவே நின்றிருக்கும்.

ஆனால் அதே குழு கூட்டுப்பெட்டிகளை வைத்து நடத்திய இன்னோர் ஆய்வு, கதையின் மறுபாதியைச் சொல்கிறது. மரங்கள் அருகிய இடங்களில் மைனாக்கள் பெட்டிகளைப் பெருமளவு பிடித்துக்கொண்டன. கிளிகளுக்கு இடம் குறைந்தது. மரங்கள் அடர்ந்த காப்பிடங்களில் மைனாவின் கை ஓங்கவில்லை. அதாவது கேடு பறவையாலும் நேர்கிறது, வெட்டப்பட்ட மரத்தாலும் நேர்கிறது. இரண்டாவது காரணம் முதலாவதற்கு வழிவிடுகிறது.

தீவுகளில் நிலைமை இன்னும் கடுமை. செஷல்ஸின் ஃப்ரேகாட் தீவில், ஒரு காலத்தில் உலகிலேயே அந்த ஒரு தீவில் மட்டும், அதுவும் இருபதுக்கும் குறைவாக எஞ்சியிருந்த செஷல்ஸ் குண்டுகரிச்சானோடு மைனா பொந்துக்குப் போட்டியிட்டது. தாஹிட்டித் தீவில் மட்டுமே வாழும் கருநிறச் சிறு ஈப்பிடிப்பான் 1998-ல் 12 பறவைகளாகக் குறைந்திருந்தது. அதன் கூடுகளைத் தாக்கியவற்றில் மைனாவும் கொண்டைக்குருவியும் சேர்ந்தே இருந்தன. ஹவாயில் மைனா கடற்பறவைகளின் முட்டைகளை உடைத்தது. கூடவே, உண்ணிச்செடியின் பழத்தைத் தின்று அதன் விதையை மலையெங்கும் பரப்பியது. அந்த உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாக இந்தியாவுக்கு வந்து, இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் புல்லையும் மரக்கன்றையும் மூடி வளர்ந்து கிடப்பதும் அதே செடிதான்.

இனி கட்டுப்படுத்துவது பற்றி. கான்பெராவில் 2006-ல் தொடங்கிய தன்னார்வக் குழு கூண்டுப்பொறிகளால் பல்லாயிரம் மைனாக்களைப் பிடித்திருக்கிறது. பறவையும் சும்மா இருக்கவில்லை. நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியா கிரிஃபினும் உடன் ஆய்வாளரும் 2009-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு மைனா ஓரிடத்தில் பிடிபடுவதைப் பார்த்த மற்ற மைனாக்கள், அதன்பின் அந்த இடத்தை எச்சரிக்கையோடு அணுகின. தான் அடிபடாமலே, அடுத்தவன் பட்டதைப் பார்த்துக் கற்கும் பறவை இது. ஆகவே பெருநிலப்பரப்பில் பொறியை மட்டும் நம்புவது பயன் தராது என்பதே என் முடிவு. பிடித்த இடத்தைப் பக்கத்துத் தெரு மைனா நிரப்பும், பிடிபடாதது உஷாராகும்.

தீவில் அப்படி இல்லை. எல்லை உண்டு, திரும்பி வரும் வழி இல்லை. ஃப்ரேகாட்டில் 2010, 2011 ஆண்டுகளில் மைனா முற்றிலும் அகற்றப்பட்டது. குக் தீவுகளின் அட்டியூவில், அழிவின் விளிம்பிலிருந்த ரிமட்டாரா கிளிகள் 27-ஐ 2007-ல் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றின் குஞ்சுகளை மைனாக்கள் தாக்குவதைக் கண்டு, தீவு மக்களே முன்னின்று மைனாக்களை ஒழிக்கும் வேலையில் இறங்கினார்கள். சில ஆண்டுகளில் அதைச் சாதித்தும் காட்டினார்கள். தாஹிட்டியிலும் பொறிவைப்புக்குப் பின் அந்த ஈப்பிடிப்பான் மெல்ல மெல்ல மீண்டுவருகிறது. மைனாவை நேசிக்கும் எனக்கு இதை எழுதுவது எளிதல்ல. ஆயினும் அந்தத் தீவுகளில் அதைக் கொல்வது சரி என்றே சொல்வேன். உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பறவைக்கும், கண்டங்களெல்லாம் நிறைந்திருக்கும் ஒரு பறவைக்கும் இடையில் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கியவர்கள் மனிதர்கள். அந்தத் தேர்வைத் தட்டிக்கழிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஆனால் கொல்லும்போது வலியின்றி, விரைவாக, அடையாளம் தெரிந்து கொல்ல வேண்டும். ‘பறக்கும் எலி’ என்று ஏசிக்கொண்டு வன்மத்தோடு செய்யும் வேலையாக அது ஆகிவிடக் கூடாது.

பெருநிலங்களில் செய்ய வேண்டியது வேறு: முதுமரங்களை வெட்டாமல் காப்பது, பொந்து இல்லாத இடத்தில் உள்ளூர்ப் பறவைகளுக்கு ஏற்ற அளவுள்ள பெட்டிகளை வைப்பது, உணவு மிச்சத்தைத் திறந்துபோடாமல் இருப்பது, கூரைச் சந்துகளை அடைப்பது. எல்லாம் மெதுவான வேலைகள். மேற்கு ஆஸ்திரேலியா போல இன்னும் மைனா நிலைகொள்ளாத பகுதிகளில், முதல் சில பறவைகள் வந்து இறங்கும்போதே கண்டறிந்து அகற்றுவதுதான் செலவு குறைந்த வழி. டெல் அவீவில் 1990களின் பிற்பகுதியில் ஒரு பூங்காவிலிருந்து தப்பிய மைனாக்கள் இன்று இஸ்ரேலின் பெரும்பகுதியிலும் சாதாரணப் பறவையாகிவிட்டன. தொடக்கத்தில் ஒருசில பறவைகளாக இருந்தபோது ஒரு வாரத்தில் முடிந்திருக்கக்கூடிய காரியம் அது.

மெல்போர்ன், ஆக்லாந்து, டர்பன், சிங்கப்பூர் என்று பல ஊர்களில் இன்று தமிழர்கள் வாழ்கிறார்கள். மைனாவைச் சிறுவயது முதல் அறிந்த அவர்களைவிட அதைச் சரியாக அடையாளம் காண வல்லவர்கள் அங்கே குறைவு. அவர்களிடம் என் வேண்டுகோள்கள் இரண்டு. பார்க்கும் மைனாவை இனம் பிரித்து, இடமும் நாளும் குறித்து, உங்கள் ஊரின் பறவைக் கணக்கெடுப்பில் பதிவுசெய்யுங்கள். கான்பெராவில் ஆய்வாக மாறியது அப்படிப்பட்ட குறிப்புகள்தாம். இரண்டாவது, தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே: எந்தக் கூண்டுப் பறவையையும் வாங்காதீர்கள், பரிதாபப்பட்டுத் திறந்தும் விடாதீர்கள். மைனாவைப் பிடிப்பதும் கூண்டில் வைத்திருப்பதும் இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.